கேட் போர்டுல எழுதக்கூடாத வார்த்தைகள்

ஸ்பின்னிங் மில்லுல டைம் ஆபீஸ் வேலைன்னா வர்றவங்க போறவங்க நேரத்தைக் குறிக்கிற வேலைன்னுதான் வெளிய நெனச்சுக்கிட்டிருக்காங்க. அசல் வேலை பயப்படுறது, நேரம் குறிக்கிறதெல்லாம் அதுக்கு நடுவுல செத்த நேரம்.

நான் இருக்கது ஸ்ரீவில்லிபுத்தூர். வேலை இராஜபாளையத்துல, ஊருக்கு வெளிய இருக்கிற ஒரு நூல் மில்லுல. காலையில டவுன் பஸ் ஏறிப் போறேன், சாயந்தரம் டவுன் பஸ் ஏறி வாரேன். மில்லு பேரு எதுக்கு, உங்க மில்லுன்னே வச்சுக்கோங்க. கேட்டுக்குப் பக்கத்துல ஒரு கறுப்பு போர்டு உண்டு. நாளைக்கு லீவா, எந்த ஷிஃப்ட்டுக்கு யாரு வரணும், கரண்ட் கட்டு எப்ப, எல்லாத்தையும் அதுல சாக்பீஸால எழுதிப் போடணும். இந்தப் பொண்ணு கையெழுத்து நல்லா இருக்கேன்னு யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னைல இருந்து அது என் தலையில விழுந்துபோச்சு. நல்ல சேதியா இருந்தா சாக்பீஸ் பிடிக்க ஆளுக்குப் பஞ்சமில்ல. தீபாவளி போனஸ்னா மேனேஜரே வந்து எழுதுவாரு. கெட்ட சேதி மட்டும் என் பங்கு.

என் வீட்டுக்காரரு செல்வராசும் அதே மில்லுலதான் ஃபிட்டரு. பல பேருக்கு வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும், அவரை மாதிரிச் சில பேருக்கு நிரந்தரமா நைட்டு. பகல்ல மகளைப் பள்ளிக்கூடத்துல விட்டுக் கூட்டியாற ஆளு வேணுமேன்னு நாங்களா கேட்டு வாங்கிக்கிட்டது. மில்லு எறங்க ஆரம்பிச்சா மொதல்ல கை வைக்கிறது நைட் ஷிஃப்ட்லதான்னு எந்த மில்லுக்காரங்களைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அதனால, மில்லு எறங்குதுங்கிறதைச் சொல்ல என்னென்ன வார்த்தை உண்டோ, அத்தனையும் காதுல விழுந்த உடனே எனக்கு அவரு முகந்தான் ஞாபகத்துக்கு வரும். உங்க வீட்டுலயும் யாராச்சும் மில்லுலயோ, அச்சாபீஸ்லயோ, பட்டாசுக் கம்பெனிலயோ இருந்தா இந்தப் பயம் என்னன்னு நான் சொல்லித் தர வேண்டியதில்ல.

டல்

வேலைக்குச் சேர்ந்த புதுசு. மேனேஜரு ரூமுல டீ குடிச்சுக்கிட்டே போன்ல பேசுறாரு. அப்ப இருந்தவரு வயசானவரு, அவரைப் பத்திப் பொறவு சொல்றேன். "மார்க்கெட்டு டல்லுங்க. ரொம்ப டல்லு. கேக்கவே நாதியில்ல"ன்னு பேசுறது கண்ணாடிக் கதவைத் தாண்டி எனக்குக் கேக்குது. அப்பத்தான் ரெண்டு பேரும் ஒரே மில்லுல சேர்ந்திருக்கோம், சொந்தக்காரங்க எல்லாருகிட்டயும் சொல்லியாச்சு, இன்னும் மொத சம்பளம்கூட வாங்கல. அன்னைக்கு மத்தியானம் டிபன் டப்பாவைத் தொறந்து வச்சுக்கிட்டுச் சும்மா ஒக்காந்திருந்தேன்.

நூலைக் கோன்ல சுத்துற கோன் வைண்டிங்ல மாரியம்மாக்கான்னு ஒருத்தவங்க. மகாராஜபுரத்துல இருந்து மில் வேன்ல வர்றவங்க. மில்லு ஆரம்பிச்ச காலத்துல இருந்து இருக்காங்க. நூல் ஓடுற சத்தத்தை வச்சே எந்த மெஷின் நிக்கப் போகுதுன்னு சொல்லிருவாங்க. என் மூஞ்சியைப் பாத்துட்டுப் பக்கத்துல வந்து ஒக்காந்து, என்னத்தாயி, யாரு என்ன சொன்னான்னு கேட்டாங்க. மேனேஜரு டல்லுன்னு சொன்னதைச் சொன்னேன். அவங்க சிரிச்ச சிரிப்புல வாயில இருந்த சோறு பொறையேறிப் போச்சு. தண்ணி குடிச்சு நெஞ்சைத் தடவிக்கிட்டு ஒரு வழியா ஆனபொறவு சொன்னாங்க:

"நான் வந்த நாள்ல இருந்து டல்லுதான் தாயி. டல்லுன்னு சொல்ற வரைக்கும் நிம்மதியா சோத்தைத் தின்னு. என்னைக்கு அந்த மனுசன் மார்க்கெட்டைப் பத்தி ஒண்ணுமே பேசாம இருக்காரோ, அன்னைக்குப் பயப்படு."

சாத்தி வை

நம்ம பக்கத்துல கடையை மூடுன்னு சொல்லமாட்டோம், எடுத்து வைன்னுதான் சொல்லுவோம். விளக்கை அணைன்னு வாயில வராது, குளிர வைன்னுவோம். பானையில அரிசி தீர்ந்துபோனா 'அரிசி நெறைஞ்சிருக்கு'ன்னு சொல்லித்தான் கடைக்கு ஆள் அனுப்புறது. வீட்டுக்குள்ள இதெல்லாம் சரி, யாருக்கு என்ன வேணும்னு புரிஞ்சிரும். எங்க பழைய மேனேஜரு இதையே மில்லு முழுக்கக் கொண்டுவந்துட்டாரு. அவரு வீட்டுல தெலுங்கு பேசுறவரு, வெளிய தமிழு. ரெண்டு பாஷையிலயும் அவரு வாயில இருந்து 'மூடு', 'வரல', 'நஷ்டம்' இந்த மூணும் வந்து நான் கேட்டதே கிடையாது. பஞ்சு லோடு வரலைன்னாலும் "வருது, வருது"ம்பாரு. கேட்டைக்கூட வாட்ச்மேன்கிட்ட "சாத்தி வைய்யா"ன்னுதான் சொல்லுவாரு.

மொத தடவையா ஆர்டர் இல்லாம மில்லை ரெண்டு நாள் நிறுத்த வேண்டி வந்துச்சு. போர்டுல எழுதச் சொன்னாரு. 'மில் நிறுத்தம்'னு எழுதினேன். பதறி ஓடி வந்து அவரு துண்டாலயே அழிச்சாரு. "நிறுத்தம்னு எழுதாதம்மா, நின்னே போயிரும்"னாரு. 'வேலை இல்லை'ன்னு எழுதவா சார்னேன். காதைப் பொத்திக்கிட்டாரு. கடைசியில ரெண்டு பேருமா யோசிச்சு 'இரண்டு நாட்கள் இயந்திரங்களுக்கு ஓய்வு'ன்னு போட்டோம். கேட்டுல சுப்பையாண்ணன், பட்டாளத்துல இருந்து ரிட்டயராகி வாட்ச்மேனா சேர்ந்தவரு, அதை எழுத்துக்கூட்டி ரெண்டு தரம் சத்தமா வாசிச்சாரு. மெஷினுக்கு என்னம்மா, காய்ச்சலான்னு கேட்டாரு. நான் விசயத்தைச் சொன்னேன். தொப்பியைக் கழட்டி வச்சுட்டுச் சொன்னாரு:

"எங்க பட்டாளத்துல பின்வாங்குன்னா பின்வாங்குன்னுதாம்மா சொல்லுவான். இல்லைன்னா எந்தப் பக்கம் ஓடணும்னு எப்படித் தெரியும்?"

தற்காலிகம்

ஆர்டர் கொறைஞ்சு, நூல் நூக்குற ரிங் ஃபிரேம் மெஷின்ல ஒரு வரிசையை நிறுத்தினப்ப போட்ட வார்த்தை இது. அதுல வேலை பாத்த ஒருத்தரு ஆலங்குளம் பக்கத்துக் கிராமத்துல இருந்து பைக்ல வர்றவரு. மானாவாரி நெலம், மழை பெய்ஞ்சா வெள்ளாமை, இல்லைன்னா இந்த மில்லு. 'தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது'ன்னு எழுதியிருந்ததை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னாரு. எங்கிட்ட வந்து, தற்காலிகம்னா எத்தனை நாளும்மான்னு கேட்டாரு. எனக்கென்ன தெரியும்? கொஞ்ச நாளுதான்ணே, பயப்படாதீங்கன்னேன். என் குரல் எனக்கே சுருதி சேரல. அவரு தலையை ஆட்டிக்கிட்டாரு.

"எங்க ஊரு ஓடைக்குத் தற்காலிகமா ஒரு பாலம் போட்டாகம்மா. எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. இப்ப எம் மகன் அதுமேலதான் காலேஜுக்குப் போறான். அந்தத் தற்காலிகமா இது?"

பராமரிப்பு

எங்களுக்கு ரெண்டு மைல் தள்ளி இன்னொரு மில்லு இருந்துச்சு. அங்க ஒரு நாள் கேட்டுல 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது'ன்னு அட்டை தொங்குச்சு. பராமரிப்புதானன்னு எல்லாரும் வீட்டுக்குப் போனாங்க. ஒரு வாரம், ஒரு மாசம், பொறவு அந்த அட்டையே மழையில நனைஞ்சு விழுந்துபோச்சு. கேட்டு தெறக்கவே இல்ல. உள்ள இருந்த மெஷினெல்லாம் லாரியில ஏறி எங்கயோ போனதை ரோட்டுல நின்னு பாத்தவங்க எங்க மில்லுலயும் பல பேரு.

இது தெரிஞ்சிருந்தும் என் புத்தி அன்னைக்கு எங்க போச்சுன்னு தெரியல. எங்க மில்லுல நெசமாவே பராமரிப்பு வந்துச்சு. உள்ள காத்தை ஈரமா வைக்கிற ப்ளாண்ட் இருக்குல்ல, அதுக்குள்ள பஞ்சுத் தூசி அடைச்சுக்கிட்டு நூல் கண்டமேனிக்கு அறுந்துச்சு. ரெண்டு நாள் நிறுத்திக் கழுவியே ஆகணும். வயித்துல பயமே இல்லாம நான் எழுதின ஒரே நோட்டீஸ் அதுதான். 'நாளையும் மறுநாளும் பராமரிப்பு'ன்னு பூவெல்லாம் போட்டு அழகா எழுதிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

திரும்பி வந்தா கேட்டுல கூட்டம். லாக்கர்ல இருந்த செருப்பு, சீப்பு, சாமி படம்னு ஆளாளுக்கு எடுத்துப் பையில போட்டுக்கிட்டு நிக்காங்க. மில் ஹாஸ்டல்ல தங்கி வேலை பாக்குற பிள்ளைக டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்திருச்சு. ஒரு பிள்ளை ஊருக்குப் போன் போட்டு ஓன்னு அழுவுது. ஏய், இது நெசப் பராமரிப்பு, சாமி சத்தியமா நெசப் பராமரிப்புன்னு கத்துறேன். ஒருத்தரும் நம்பல. நான் கத்தக் கத்த அவங்க பயம்தான் கூடுது. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்திருச்சு. நம்மகிட்டயும் மறைக்காங்களோ? உள்ள ஓடுனேன். எங்க வீட்டுக்காரரை அந்த வேலைக்காகப் பகல்லயே வரச்சொல்லியிருந்தாங்க. ப்ளாண்டுக்குள்ள குனிஞ்சுக்கிட்டிருந்த மனுசனைப் பிடிச்சு இழுத்தாந்து கேட்டுல நிப்பாட்டினேன். தலையெல்லாம் பஞ்சு, முழங்கை வரைக்கும் கிரீஸு. இந்தா பாருங்க, இது பராமரிப்பு இல்லாம வேற என்னன்னு கேட்டேன். மாரியம்மாக்கா முன்னால வந்து அவரு கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. மோந்துகூடப் பாத்தாங்க.

"கிரீஸு நெசந்தான் தம்பி. ஆனா மெஷினை விக்கிறதா இருந்தாலும் தொடைச்சுத்தான குடுப்பாக?"

நேரம்

அந்த ரெண்டு நாள் முடிஞ்சு மில்லு ஓடத்தான் செஞ்சுச்சு. ஆனா பழைய மேனேஜரு மார்க்கெட்டு டல்லுன்னு சொல்றதை நிறுத்திட்டாரு. எப்படி சார் இருக்குன்னு கேட்டா, "நேரம் கொஞ்சம் சரியில்லம்மா, அம்புட்டுத்தான்"னு சொல்லிட்டுக் குனிஞ்சுக்குவாரு. யாருக்கு நேரம் சரியில்ல? மில்லுக்கா, மொதலாளிக்கா, எங்களுக்கா? அதைக் கேக்க தைரியம் இல்ல. வீட்டுல வந்து சொன்னா எங்க வீட்டுக்காரரு, சனி பெயர்ந்தா சரியாயிரும் விடுன்னுட்டு வேலைக்குக் கெளம்பிருவாரு. அவரு கெளம்பிப் போற பைக் சத்தம் தெரு முனையில மறையிற வரைக்கும் நான் வாசல்லயே நிப்பேன். நாளைக்கும் போவாராங்கிறதுதான் என் நெனப்பெல்லாம்.

மனசு கேக்காம ஒரு வியாழக்கிழமை அரை நாள் பெர்மிஷன் போட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல்னு பொய் சொல்லிட்டு நேரா ஆண்டாள் கோயிலுக்குப் போனேன். தாயே, நைட் ஷிஃப்டை மட்டும் காப்பாத்திக் குடுன்னு கேக்கலாம்னு. சாமிகிட்ட போய் ஷிஃப்டைக் கேக்குறவ நானாத்தான் இருப்பேன்னு நெனச்சுக்கிட்டே வரிசையில நிக்கேன், எனக்கு ரெண்டு ஆளு முன்னால பட்டு வேட்டியும் கையில துளசி மாலையுமா ஒருத்தரு கண்ணை மூடி முணுமுணுத்துக்கிட்டு நிக்காரு. பாத்தா எங்க மேனேஜரு. ஆயுத பூஜை அன்னைக்குக்கூட சூடத்தைத் தொட்டுக் கும்பிட்டுட்டு ஆபீஸுக்கு ஓடுற மனுசன், வேலை நாள்ல, வேலை நேரத்துல கோயில்ல! எனக்குத் தூணுக்குப் பின்னால ஒளியத் தோணுச்சு. அதுக்குள்ள திரும்பிட்டாரு. பொய் பெர்மிஷன்ல வந்தவ பிடிபட்டா எப்படி இருக்கும்? ஆனா என்னைவிட அவரு மூஞ்சிதான் வெளிறிப் போச்சு. பிள்ளைக்குக் காய்ச்சலான்னு கேக்கல, இங்க என்ன பண்றேன்னு கேக்கல. கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி அவரு கேட்டது இது:

"ஏம்மா, நீயும் மில்லுக்காகத்தான் வந்தியா? அப்ப விசயம் வெளிய தெரிஞ்சுபோச்சா?"

உள்ளது உள்ளபடி

பழையவரு உடம்பு முடியலைன்னு நின்னுக்கிட்டாரு. கோயம்புத்தூர்ல இருந்து சின்ன வயசுல ஒரு மேனேஜரு வந்தாரு. வந்த அன்னைக்கே என்னைக் கூப்பிட்டு, மேடம், இந்த ஓய்வு, பராமரிப்பு, தற்காலிகம் எல்லாம் இனிமே வேண்டாம், தொழிலாளிங்க குழந்தைங்க இல்ல, உள்ளதை உள்ளபடி எழுதுங்கன்னாரு. எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இம்புட்டு வருசமா வார்த்தை தேடித் தேடி வயித்தெரிச்சல் பட்டவளுக்கு இது பெரிய விடுதலைதான். ஆர்டர் கொறைஞ்ச ஒரு வாரத்துல, கை கூசாம எழுதினேன்: 'ஆர்டர் இல்லை. வியாழன் முதல் சனி வரை மில் ஓடாது. அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளம்.'

பழைய மேனேஜரு இதைப் பாத்திருந்தா மயக்கம் போட்டு விழுந்திருப்பாரு. எழுதிட்டு ஒதுங்கி நின்னேன். சரி, இப்பவாச்சும் புரளி இருக்காது, ஆளுக நிம்மதியா வீட்டுக்குப் போவாகன்னு நெனச்சேன். போர்டு முன்னால வந்தவங்க நின்னாங்க, வாசிச்சாங்க, நகரவே இல்ல. கேட்டுக்கு வெளிய இருக்கிற டீக்கடையில ஒருத்தரும் டீ சொல்லல. அன்னைக்கு ஒரு வேலைக்காகப் பகல்லயே வந்திருந்த எங்க வீட்டுக்காரருகூட அதைப் பாத்துட்டு என்னைப் பாத்தாரு, பாத்துட்டு உள்ள போயிட்டாரு. கடைசியில சுப்பையாண்ணன்தான் வந்தாரு. பின்வாங்குன்னா பின்வாங்குன்னு எழுதணும்னு எனக்குச் சொன்ன அதே மனுசன். அவரு முகத்துலயே ஈயாடல.

"இம்புட்டையும் வெளிய எழுதிட்டாகன்னா, எழுதாம உள்ள வச்சிருக்கது எம்புட்டும்மா இருக்கும்?"

குடும்பம்

வார்த்தைலயே எனக்கு ரொம்பப் பயம் தந்தது இதுதான். ஒரு நாள் மத்தியானம் எல்லா ஷிஃப்ட் ஆளுகளையும் கூப்பிட்டாங்க. நைட் பாத்துட்டுத் தூங்கிக்கிட்டிருந்தவங்களும் கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்தாங்க. ஷெட்டுல பெஞ்சு போட்டு, மைக் வச்சு, சின்ன முதலாளி பேசுனாரு. நல்ல மனுசன், பேச்சும் தன்மையாத்தான் பேசுவாரு. இது மில்லு இல்ல, நாம எல்லாரும் ஒரே குடும்பம்னாரு. குடும்பத்துல ஏத்தம் எறக்கம் வரும், சேர்ந்தே தாண்டுவோம்னாரு. எங்க வீட்டுக்காரரு பின் பெஞ்சுல ஒக்காந்து கைதட்டுறாரு. எனக்கு அந்தக் கைதட்டலைக் கேக்க கேக்க அழுகை முட்டுது.

கூட்டம் முடிஞ்சு ஆளுக்கொரு டப்பா பால்கோவா குடுத்தாங்க. தீபாவளியும் இல்ல, பொங்கலும் இல்ல. வாங்கினவங்க அதைத் தொறக்கவே இல்ல. நாங்க ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க, பால்கோவா எங்களுக்குப் புதுசா? ஆனா அன்னைக்கு அந்த டப்பாவைக் கையில பிடிச்சிருக்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு. மாரியம்மாக்கா டப்பாவை முந்தானையில முடிஞ்சுக்கிட்டே வேன்ல ஏறப் போனாங்க. என்னக்கா, ஒண்ணும் சொல்லாமப் போறீங்கன்னு கேட்டேன். படியில ஒரு காலை வச்சுட்டுத் திரும்பிப் பாத்தாங்க.

"எங்க மாமனாரு எங்களைத் தனியாப் போங்கன்னு சொல்றதுக்கு மொத நாளும் இப்படித்தான் தாயி இனிப்பு வாங்கியாந்து, நாமெல்லாம் ஒரே குடும்பம்னு பேசுனாரு."

நைட் ஷிஃப்ட்

அதுக்குப் பொறவு ரெண்டு வாரம் ஒண்ணும் நடக்கல. ஒண்ணும் நடக்காம இருந்ததுலயே நான் பாதி ஆளாப் போயிட்டேன். ஒரு நாள் காலையில புது மேனேஜரு கூப்பிட்டாரு. கதவைச் சாத்தச் சொன்னாரு. கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே பேசுனாரு. மேடம், நைட் ஷிஃப்ட் ஒண்ணாந்தேதியில இருந்து கிடையாது, ஆர்டர் வந்தா திரும்ப ஓட்டுவோம்னு சொல்லி ஏமாத்த நான் விரும்பல, மொத்தமா நிறுத்துறோம்னாரு. அதுல இருக்கவங்கள்லாம்னு ஆரம்பிச்சேன். "எல்லாரும்தான் மேடம்"னாரு. அப்பவும் கம்ப்யூட்டரைத்தான் பாத்தாரு. மூணு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது போர்டுல வந்திரணும், அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னாரு. யாருகிட்டயும்னு இன்னொரு தரம் அழுத்திச் சொன்னாரு. வார்த்தையை நீங்களே பாத்து எழுதிருங்கன்னு சொன்னது மட்டும் கொஞ்சம் தணிஞ்ச குரல்ல வந்துச்சு. உள்ளது உள்ளபடின்னு சொன்ன மனுசனும் அன்னைக்கு வார்த்தையை என்கிட்டதான் விட்டாரு.

சாக்பீஸை எடுத்துக்கிட்டு போர்டுக்கு முன்னால நின்னேன். டல், ஓய்வு, தற்காலிகம், பராமரிப்பு, நேரம், குடும்பம், எல்லாம் வரிசையா வந்து நிக்குது. எதை எழுதினாலும் அதுக்குக் கீழ எங்க வீட்டுக்காரரு பேருதான் தெரியுது. ஒரு எழுத்து வைக்கிறதுக்குள்ள சாக்பீஸ் ஒடைஞ்சுபோச்சு. பிள்ளை படிப்புக்கு என்ன செய்யிறது, பகல் ஷிஃப்ட் இருக்குமா, என் வேலையாச்சும் இருக்குமா, ஒண்ணுக்கும் பதில் தெரியல. அவரு மூணு மணிக்கு மேல யாரோ ஒருத்தன் வாயில இருந்து இதைத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு மட்டும் மனசு அடிச்சுக்குச்சு. ஆனா சொல்லவும் கூடாதுன்னு உத்தரவு. கேன்டீனுக்குப் பின்னால போய் போன் போட்டேன். நைட்டு பாத்துட்டு வந்து நல்லாத் தூங்குற நேரம் அது. எடுத்த உடனே, என்னட்டி, பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு பதறுனாரு. ஒண்ணுமில்ல, பிள்ளை பள்ளிக்கூடத்துல நல்லாத்தான் இருக்குன்னேன். அப்புறம் என்ன பேச? எத்தனையோ வார்த்தையை ஊருக்கு எழுதிக் குடுத்தவளுக்கு அன்னைக்கு வாயில வந்தது ஒண்ணுதான். "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டேன். அவரு கட்டில்ல எந்திரிச்சு ஒக்காருற சத்தம் கேட்டுச்சு. பொறவு மெதுவாச் சொன்னாரு:

"இத்தனை வருசத்துல ஒரு நாளாச்சும் மில்லுல இருந்து போன் போட்டு சாப்பிட்டீங்களான்னு கேட்டிருக்கியாட்டி? சரி, அழாத. நைட்டு ஷிஃப்டை எடுத்துட்டாகளா?"

அவரு இப்ப ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில தறி மெக்கானிக்கா இருக்காரு, நான் இன்னும் அந்தப் போர்டுலதான் எழுதிக்கிட்டிருக்கேன், ஆனா எங்க வீட்டுல மட்டும் இப்பல்லாம் யாரும் யாரையும் சாப்பிட்டீங்களான்னு கேக்குறதில்ல, தட்டை வச்சு சோத்தைப் போட்டுட்டு வந்து ஒக்காருங்கன்னு சொல்றதோட சரி.